இருதயத் துடிப்பும் அதனைக் காப்போரும்

முன்னுரை

ஒரு நாட்டின் வைத்திய வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் மருந்துகளின் வரலாற்றையும் கருவிகளின் வரலாற்றையும் எழுதி அமைவர். அம்மருந்தைக் கொடுக்கவும் அக்கருவியை இயக்கவும் வல்ல மனிதர் எங்ஙனம் பயிற்றப்பட்டனர், எத்துணைப் பேர் பயிற்றப்பட்டனர், பயிற்சி பெற்றபின் எங்கே தங்கினர் என்னும் வினாக்கள் அந்நூல்களில் அருகியே காணப்படும். ஆயினும் நோயாளியின் உயிர் இவ்வினாக்களின் விடையிலேயே தங்கியுள்ளது. நோய்கள் யாவற்றுள்ளும் இவ்வுண்மையை மிகத் தெளிவாகக் காட்டுவது இருதயத் துடிப்பின் ஒழுங்கு கெடும் நோயாகும்.

வளர்ந்த மனிதனுடைய இருதயம் ஓய்ந்திருக்கும் வேளையில் நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை வரை துடிக்கின்றது. இத்துடிப்பைத் தொடக்கிவைப்பது இருதயத்திலேயே தோன்றும் நுண்ணிய மின்தூண்டல். அத்தூண்டல் தோன்றுமிடத்திலாவது அது செல்லும் வழியிலாவது பழுது நேரின், துடிப்பு மிகத் தாழ்ந்து மயக்கம் உண்டாகலாம். மிக விரைந்து மூச்சுத் திணறலாம். அன்றி இருதயத்தின் கீழறைகள் ஒழுங்கின்றி நடுங்கி இரத்தவோட்டம் முற்றாக நின்றுவிடவும் கூடும். இறுதியிற் கூறிய நிலையில், மின்னதிர்ச்சி கொடுத்தற்குத் தாழ்க்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 7 முதல் 10 வரை குறைந்து செல்லும் என்பர். ஆதலின் இந்நோயைப் பொறுத்தமட்டில், கைதேர்ந்தவர் எத்துணைத் தூரத்தில் இருக்கின்றார் என்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியேயாகும்.

கொட்டியாரக் குடாவுக்கும் தம்பலகாமக் குடாவுக்கும் இடையே அமைந்த கிண்ணியாவில் வாழ்வோர்க்குத் தூரம் என்பதன் பொருளை எவரும் விளக்க வேண்டுவதில்லை. 396 மீற்றர் நீளமான பாலம் 2009ஆம் ஆண்டில் திறக்கப்படும்வரை, திருகோணமலை நகருக்குச் செல்லும் நோயாளி ‘பாதை’ என வழங்கும் மிதவையிலேறித் துறையைக் கடக்க வேண்டியிருந்தது. பாலம் வந்தபின் நகரம் அண்மையாயிற்று. ஆனால் நகரத்துக்கு அப்பால் கொழும்பு ஏறத்தாழ 260 கிலோமீற்றர் தொலைவிலேயே இன்னும் இருக்கின்றது. பாலங் கட்டுதல் எளிது; வைத்தியரைக் கட்டி எழுப்புதல் அரிது. அவ்வரிய தொழில் நம் நாட்டிலும் அயலிலும் எவ்வாறு செய்யப்பட்டது, அதிலிருந்து துடிப்பொழுங்கு வைத்தியத்துக்கு நாம் பெறத்தக்க பாடம் யாது என்பதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மானிப்பாய்ப் பாடசாலை

ஈழத்தில் மேனாட்டு வைத்தியத்தைக் கற்பித்த வரலாறு கொழும்பில் தொடங்கவில்லை. அது யாழ்ப்பாணத்துக் கிராமம் ஒன்றிலே தொடங்கியது. அமெரிக்க மிசனைச் சேர்ந்த ஜோன் ஸ்கடர் என்னும் வைத்தியர் 1820ஆம் ஆண்டில் பண்டத்தரிப்பில் அமர்ந்து, 1836இல் சென்னைக்குப் பெயரும்வரை நோய் தீர்க்கும் பணி புரிந்தார். அவருக்குப் பின் நேதன் வாட் என்பவர் வட்டுக்கோட்டையில் பணியாற்றினார். வாட்டின் இடத்துக்கு 1847ஆம் ஆண்டில் வந்து சேர்ந்தவரே சாமுவேல் பிஸ்க் கிறீன். ஐக்கிய அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரிலே 1822இல் பிறந்த இவர், 25 வயதினராய் யாழ்ப்பாணம் வந்து, மறு ஆண்டிலே மானிப்பாயிற் குடியமர்ந்து, நோயாளரைப் பார்ப்பதோடு மாணாக்கர்க்கு வைத்தியம் கற்பிக்கவும் தொடங்கினார்.

கிறீன் ஐயருக்கு ஓர் உண்மை விரைவிற் புலப்பட்டது. தாம் ஒருவர் நாளெல்லாம் உழைத்தாலும் குடாநாட்டின் நோயாளர் அனைவரையும் பார்த்து முடித்தல் இயலாது. ஒரு வைத்தியர் பத்து வைத்தியரை உண்டாக்குவாராயின், அப்பதின்மரும் பத்து ஊர்களிலிருந்து அவருடைய பணியைப் பெருக்குவர். இக்கருத்துடன் அவர் முதலில் ஆங்கில மூலமாகவே கற்பித்தார். வட்டுக்கோட்டைச் செமினறியில் ஆங்கிலம் கற்றுத் தேர்ந்த இளைஞர் அக்காலத்திற் பலர் இருந்தமையால் அது எளிதாகவும் இருந்தது.

ஆனால் அதன் விளைவு அவர் எண்ணியவாறு அமையவில்லை. ஆங்கிலத்தில் வைத்தியங் கற்ற இளைஞருக்கு அரசாங்க உத்தியோகம் காத்திருந்தது. சம்பளமும் மதிப்பும் வெளியூரில் இருந்தன. கிராமத்துக்கென்று பயிற்றப்பட்டவர் கிராமத்தை விட்டுச் சென்றனர். 1858 அளவிலே தாயகஞ் சென்று 1862இல் மீண்டு வந்த கிறீன், 1864ஆம் ஆண்டு முதல் தம் வகுப்பைத் தமிழ் மூலமாக நடத்தலானார். தமிழிற் கற்றவர் தமிழூரிலே தங்குவர் என்பதும், நோயாளியின் மொழியில் நோயை ஆராய்பவரே அவனது நம்பிக்கையைப் பெறுவர் என்பதும் அவர் கொண்ட கொள்கை.

கொள்கையை மேற்கொள்ளுதல் எளிது. அதற்கு வேண்டிய நூல் எங்கே? உடலுறுப்பின் பெயர்களுக்கும் நோய்களின் பெயர்களுக்கும் தமிழிலே சொல் காண வேண்டும். கிறீனும் அவருடைய மாணாக்கரும் இப்பெருந் தொழிலில் முனைந்தனர். ‘இரணவைத்தியம்’ 1867இலும், ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872இலும், ‘கெமிஸ்தம்’ 1875இலும், உடற்றொழிலைக் கூறும் ‘மனுஷ சுகரணம்’ 1883இலும் அச்சேறின. தமிழ்ச் சொல் கிடைத்தவிடத்துத் தமிழ்ச் சொல்லையும், அஃதில்லாதவிடத்து வடசொல்லையும், இரண்டும் வாயாதவிடத்து மேனாட்டுச் சொல்லைத் தமிழொலிக்கு இசையத் திரித்தும் அவர்கள் வழங்கினர். ‘கெமிஸ்தம்’ என்னும் பெயரே இம்மூன்றாம் வழிக்குச் சான்று. சொல்லைப் பற்றிய பிடிவாதம் அவர்களிடம் இல்லை. மாணாக்கனுக்கு விளங்க வேண்டும் என்னும் பிடிவாதமே இருந்தது.

1873ஆம் ஆண்டில் உடல் நலங் குன்றி நாடு திரும்பிய கிறீன் 1884இலே காலமானார். அவரிடம் வைத்தியங் கற்றோர் 60க்கு மேற்பட்டவர். அவருள் ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழ் மூலங் கற்றவர். அக்காலத்தில், அரசாங்கத்தின் கல்லூரியோ பெரும் பொருளோ இன்றி, ஒரு கிராமத்தில் இத்துணை வைத்தியர் உண்டாக்கப்பட்டமை வியத்தற்குரியது.

எனினும் வரலாற்றாசிரியன் புகழுரையோடு நின்றுவிடலாகாது. தமிழில் மட்டும் கற்ற வைத்தியர்க்கு மொழிபெயர்க்கப்பட்ட நூல்களே எல்லையாயின. ஆண்டுதோறும் மேனாட்டிலே வெளிவந்த புதிய நூல்கள் அவர்க்கு எட்டவில்லை. மொழிபெயர்த்த ஆசான் நாடு திரும்பியபின், மொழிபெயர்ப்பும் படிப்படியாக நின்றது. ஊரிலே தங்கவைத்த அதே கல்வி, ஊருக்கு அப்பால் நிகழ்ந்த அறிவு வளர்ச்சியினின்றும் அவர்களைப் பிரித்து வைத்தது. இந்த இருமுனைச் சிக்கலை நாம் மனத்திற் கொள்ளல் வேண்டும். இன்றைய துடிப்பொழுங்கு வைத்தியத்திலும் அதுவே வேறுருவில் தோன்றுகின்றது.

கொழும்பு வைத்தியக் கல்லூரி

மானிப்பாயிலே தமிழ் வகுப்பு நடந்துகொண்டிருந்த காலத்தில் வன்னிநிலத்திலே ஒரு பெருந்துயர் நிகழ்ந்தது. பறங்கிப்புண் என்னும் நோயினாலும் பஞ்சத்தினாலும் குளக்கரைக் கிராமங்கள் மக்களற்றுப் போயின. இதனை ஆராய்ந்து அரசாங்கத்துக்கு அறிக்கை சமர்ப்பித்தவர் ஜேம்ஸ் லூஸ் என்னும் வைத்தியர். நோயாளர்க்கு வைத்தியஞ் செய்ய ஆளில்லாமையும் அழிவுக்கு ஒரு காரணம் என்பது அன்றைய நிலையை நோக்குவார்க்குப் புலனாகும். தேசாதிபதி ஹேர்க்கியூலிஸ் றொபின்சன் 1870ஆம் ஆண்டு யூன் மாதம் முதலாந் தேதி கொழும்பிலே வைத்தியப் பாடசாலையைத் திறந்து வைத்தார். 25 மாணாக்கருடனும் மூன்றாண்டுப் பாடத்திட்டத்துடனும் தொடங்கிய அதற்கு லூஸ் அவர்களே முதல் தலைவரானார். 1880இல் அது இலங்கை வைத்தியக் கல்லூரி எனப் பெயர் பெற்றது. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் ஒரு பீடமாயிற்று.

இங்கு ஒரு முரண்பாடு கருதத்தக்கது. வன்னியின் துயரத்தால் எழுந்த கல்லூரி தலைநகரிலே அமைந்தது, ஆங்கிலத்திலே கற்பித்தது. அக்கல்லூரி நாட்டுக்கு அளித்த நன்மை அளவிடற்கரியது. ஆயினும் அங்குப் பயின்றவருள் மீண்டும் வன்னிக்கும் கீழ்மாகாணத்துக் கரையூர்களுக்கும் விரும்பிச் சென்றவர் சிலரே. 1962இல் பேராதனையிலும் 1978இல் யாழ்ப்பாணத்திலும் வைத்திய பீடங்கள் தோன்றின. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதார பராமரிப்பு விஞ்ஞான பீடம் மட்டக்களப்பிலே தோன்றியது இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டுக்குள்ளேதான். கொழும்பிலிருந்து கீழ்மாகாணத்தை வந்தடைய வைத்தியக் கல்விக்கு நூற்று முப்பதுக்கு மேற்பட்ட ஆண்டுகள் சென்றன.

துடிப்பொழுங்குக் கலையின் தோற்றம்

இதுவரை பொது வைத்தியரைப் பயிற்றிய வரலாற்றைக் கண்டோம். இனி, இருதயத் துடிப்பின் ஒழுங்கை ஆராயுங் கலை எவ்வாறு தோன்றியது, அதற்கு எத்தகைய ஆட்கள் வேண்டப்பட்டனர் என்பதை நோக்குவோம்.

நாடியைத் தொட்டுத் துடிப்பின் நடையை அறியுங் கலை நம் சித்த வைத்தியர்க்குப் புதிதன்று. ஆயினும் துடிப்பு எங்கே தோன்றுகின்றது, எவ்வழியே செல்கின்றது என்பது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேதான் வெளியாயிற்று. மேலறைக்கும் கீழறைக்கும் இடையே தூண்டலைக் கடத்தும் கணுவையும் அதனைத் தொடரும் இழைகளையும் 1906இல் விளக்கிக் காட்டியவர் சுனாவோ தவாரா என்னும் யப்பானிய அறிஞர். துடிப்பைத் தொடக்கிவைக்கும் கணுவை 1907இலே ஆதர் கீத், மாட்டின் பிளாக் என்னும் இருவர் இங்கிலாந்திலே கண்டறிந்தனர்.

அத்தூண்டலைத் தாளிலே வரைந்து காட்டும் முறையைச் செம்மை செய்தவர் வில்லெம் ஐன்தோவன். ஒல்லாந்தர் ஆட்சியிலிருந்த யாவாத்தீவின் செமாராங் நகரிலே 1860இற் பிறந்த இவர், ஒல்லாந்து தேசத்து லெயிடன் பல்கலைக்கழகத்திலே பேராசிரியராயிருந்தவர். இந்நூற்றாண்டிலே எந்தக் கிராமத்து ஆசுபத்திரியிலும் ‘ஈ.சி.ஜீ.’ என வழங்கும் இருதய மின்வரைபு அவருடைய கருவியின் வழித்தோன்றலே. இப்பணிக்காக அவருக்கு 1924ஆம் ஆண்டில் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஐன்தோவனின் முதற் கருவியைப் பற்றிய இரண்டு செய்திகள் நம் பொருளுக்கு இன்றியமையாதன. முதலாவது, அக்கருவி ஏறத்தாழ 270 கிலோகிராம் நிறையுடையது. அதனை இயக்க ஐந்து பேர் வேண்டியிருந்தது. இருதய மின்வரைபு தோன்றிய அன்றே அது ஒருவர் தொழிலாக இருக்கவில்லை. ஒரு குழுவின் தொழிலாகவே இருந்தது. இரண்டாவது, கருவியை நோயாளியிடம் எடுத்துச் செல்லல் இயலாமையால், 1905ஆம் ஆண்டில் அவர் ஆசுபத்திரியிலிருந்த நோயாளியின் இருதய மின்னோட்டத்தை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றர் தூரத்திலிருந்த தம் ஆய்வுகூடத்துக்குத் தொலைபேசிக் கம்பி வழியாக வருவித்து வரைந்தார். தூரத்து நோயாளியின் துடிப்பை நிபுணர் இருந்தவிடத்திலிருந்தே காணலாம் என்னும் எண்ணம் இவ்வாறு நூற்றிருபது ஆண்டு வயதினதாகின்றது.

துடிப்புக் கெட்டபோது அதனைத் திருத்தும் முறைகள் அடுத்து வந்தன. 1952இல் போல் சோல் என்னும் அமெரிக்க வைத்தியர் மார்பின் மேலிருந்து மின்தூண்டல் கொடுத்துத் தளர்ந்த இருதயத்தை இயக்கிக் காட்டினார். 1958ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே சுவீடன் தேசத்துத் தலைநகரில் ஓகே செனிங் என்னும் சத்திரவைத்தியர், ரூன் எல்ம்குவிஸ்ற் என்னும் பொறியியலாளர் ஆக்கிய கருவியொன்றை ஆர்னே லார்சன் என்னும் நோயாளியின் உடலினுள்ளே வைத்தார். இதுவே உள்ளே பொருத்தப்பட்ட முதற் ‘பேஸ்மேக்கர்’. அக்கருவி சில மணி நேரத்திலே பழுதுற்றது. ஆயினும் அடுத்தடுத்து இருபதுக்கு மேற்பட்ட கருவிகளைப் பெற்று, தம்மைக் காத்த வைத்தியரும் பொறியியலாளரும் மறைந்தபின்னும் வாழ்ந்து, 2001இலே லார்சன் காலமானார். ஒரு மனிதனின் 43 ஆண்டு ஆயுளுக்குப் பின்னால் கருவியைப் பொருத்தியவர், சோதித்தவர், மாற்றியவர் என எத்தனை கைகள் தொழிற்பட்டிருத்தல் வேண்டும் என எண்ணிப் பார்க்கலாம்.

ஆட்பெருக்கத்தின் வரலாற்றில் மிகப்பெரிய திருப்பம் 1960களில் நிகழ்ந்தது. மாரடைப்பு நோயாளரை ஓரிடத்திற் சேர்த்து, துடிப்பை இடையறாது கவனிக்க வேண்டும் என்று 1961இலே டெஸ்மண்ட் யூலியன் என்னும் வைத்தியர் எடின்பரோவிலிருந்து எழுதினார். அத்தகைய விடுதிகள் அமெரிக்காவிலே தோன்றியபோது, ஒரு நடைமுறைத் தடை எதிர்ப்பட்டது. இருதயம் நின்ற நோயாளியிடம் வைத்தியர் ஓடிவருவதற்குள் காலம் கடந்துவிடும். நோயாளியின் அருகில் இரவும் பகலும் இருப்பவர் தாதியர். ஆகவே பிலடெல்பியா நகரில் லோறன்ஸ் மெல்ற்சர் என்னும் வைத்தியரும் றோஸ் பினியோ என்னும் தாதியும் கூடி, தாதியர்க்கு மின்வரைபைப் படிக்கவும், வைத்தியரை எதிர்பாராமல் மின்னதிர்ச்சி கொடுக்கவும் பயிற்சியும் உரிமையும் அளித்தனர். வைத்தியருக்கே உரியது என்று கருதப்பட்ட செயல் தாதியின் கைக்கு மாறியது. அதனாற் காப்பாற்றப்பட்ட உயிர்கள் பல. மானிப்பாயிலே கிறீன் கண்ட உண்மை இங்கே வேறொரு வடிவில் மெய்ப்பிக்கப்பட்டது: அறிவைப் பகிர்ந்தால் அது குறைவதில்லை, கைகளே பெருகுகின்றன.

இதன்பின் இக்கலை விரைந்து கிளைத்தது. இருதயத்தினுட் செலுத்திய மெல்லிய குழாய்கள் வழியாக மின்வழிகளை ஆராயும் முறை 1960களின் இறுதியிலும், ஆபத்தான துடிப்பைத் தானே உணர்ந்து மின்னதிர்ச்சி கொடுக்கும் உட்கருவி 1980இலும், பழுதுற்ற மின்வழியை வானொலியலை வெப்பத்தினாற் சுட்டு நீக்கும் முறை 1980களின் பிற்பகுதியிலும் வழக்கிற்கு வந்தன. இவற்றைக் கையாள இருதய வைத்தியம் கற்றவரும் மேலும் சில ஆண்டு பயில வேண்டியதாயிற்று. அமெரிக்காவிலே 1990களின் தொடக்கத்தில் இது தனிப்பரீட்சையுடைய துறையாயிற்று. கருவிகள் பெருகிய வேகத்தில் ஆட்கள் பெருகாமையால், செல்வம் மிக்க நாடுகளே துடிப்பொழுங்கு வைத்தியர்க்கும் தொழினுட்பவியலாளர்க்கும் தட்டுப்பாடு என்று முறையிடுகின்றன. அங்ஙனமாயின் நம் போன்ற நாடுகளின் நிலையைக் கூறவும் வேண்டுமோ!

வேலூரும் தில்லியும்

மேனாட்டுக் கலையொன்றைக் கீழ்நாட்டிலே வேரூன்றச் செய்தல் இயலுமா என்பார்க்கு அயல்நாடாகிய இந்தியா இரண்டு சான்றுகள் தருகின்றது.

முதலாவது சான்று யாழ்ப்பாணத்தோடு தொடர்புடையது. பண்டத்தரிப்பிற் பணியாற்றிய ஜோன் ஸ்கடரின் பேத்தியே ஐடா ஸ்கடர் அம்மையார். பிரசவ வேதனையுற்ற பெண்களுக்கு ஆண் வைத்தியர் உதவுதலை வீட்டார் ஏற்காமையால், ஒரே இரவில் மூன்று பெண்கள் இறந்தமை அவர் மனத்தை மாற்றியதென்பது யாவரும் அறிந்த வரலாறு. அவர் 1900ஆம் ஆண்டில் வேலூரிலே சிறு மருந்துச்சாலை ஒன்றைத் தொடங்கினார். 1909இல் தாதியர் பயிற்சியையும், 1918இல் பெண்களுக்கான வைத்தியப் பாடசாலையையும் ஏற்படுத்தினார். முதலிலே தாதியரையும் பின்னரே வைத்தியரையும் பயிற்றத் தொடங்கிய அவ்வொழுங்கு நோக்கற்பாலது. அந்நிலையமே வளர்ந்து, 1961ஆம் ஆண்டில் இந்தியாவின் முதல் திறந்த இருதயச் சத்திரசிகிச்சைகளுள் ஒன்றைச் செய்யும் நிலைக்கு உயர்ந்தது.

இரண்டாவது சான்று டொக்டர் எஸ். பத்மாவதி அவர்கள். பர்மாவிலே 1917இற் பிறந்து, இறங்கூன் வைத்தியக் கல்லூரியிற் பயின்று, போர்க்காலத்தில் குடும்பத்தோடு கோயம்புத்தூருக்குப் பெயர்ந்த இவர், பின்னர் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இருதய வைத்தியம் பயின்றார். ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் நிலையத்தில் ஹெலன் ரௌசிக் அம்மையாரிடமும், ஹாவட்டிலே போல் டட்லி வைற் அவர்களிடமும் கற்றவர் அங்கேயே தங்கியிருக்கலாம். ஆனால் 1953இலே இந்தியா திரும்பி, 1954இலே தில்லி லேடி ஹார்டிங் கல்லூரியில் இருதய நோய்ச் சிகிச்சை நிலையம் ஒன்றைத் தொடங்கினார். 1967இல் மௌலானா ஆசாத் வைத்தியக் கல்லூரியின் தலைவராகி, இருதய வைத்தியத்திலே ‘டி.எம்.’ என்னும் உயர் பட்டப் பயிற்சியை ஏற்படுத்தினார். 2020இலே 103 வயதிற் காலமாகும்வரை அவர் கண்ட நோயாளர் பல்லாயிரவர். எனினும் அவருடைய பெருமை அதனாலன்று, அவர் ஏற்படுத்திய பயிற்சியினாலேயே நிலைபெறும். நிபுணராவதற்கு இனி ஒவ்வொருவரும் கடல் கடக்க வேண்டியதில்லை என்னும் நிலையை அவர் போன்றோர் உண்டாக்கினர். திருவனந்தபுரத்து சிறீ சித்திரைத் திருநாள் நிலையம் போன்றவற்றிலே துடிப்பொழுங்கு வைத்தியத்துக்கே தனிப்பயிற்சி நடைபெறுதற்கு அன்றிட்ட அத்திவாரமே காரணம்.

இலங்கையின் இன்றைய நிலை

இனி நம் நாட்டுக்கு மீள்வோம். இலங்கையிலே நிபுணரைப் பயிற்றும் பொறுப்பு 1980ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட பட்டப்பின் வைத்திய நிலையத்துக்கு உரியது. அதற்கு முன் நிபுணராக விரும்பியோர் பெரும்பாலும் பிரித்தானியப் பரீட்சைகளை நாடினர். இன்று பரீட்சையும் பயிற்சியின் பெரும்பகுதியும் இங்கேயே நிகழ்கின்றன. ஆயினும் முழு நிபுணராக ஏற்கப்படுமுன் ஒரு குறித்த காலம் வெளிநாட்டிலே பயிலுதல் வழக்கம். உலகத்தின் சிறந்த நிலையங்களை நேரிற் காண இது வழி செய்கின்றது. திரும்பி வாராமைக்கும் இதுவே வாயிலாகின்றது. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடிக்குப் பின் வைத்தியரும் நிபுணரும் தாதியரும் பெருந்தொகையாக நாட்டை விட்டுச் சென்றனர். ஒருவரைப் பயிற்றப் பத்தாண்டுக்கு மேல் வேண்டும். அவர் செல்ல ஒரு நாள் போதும்.

ஆள் தட்டுப்பாடு துடிப்பொழுங்கு நோயாளரை எவ்வாறு வருத்தும் என்பதற்கு நம் நாட்டின் அண்மைக்கால வரலாற்றிலேயே ஒரு சான்றுண்டு. 1980களிலிருந்து வடபகுதியிலும், பின் வடமத்திய மாகாணத்திலும் மஞ்சள் அலரி நஞ்சேறியோர் பெருந்தொகையாக ஆசுபத்திரிகளுக்குக் கொண்டுவரப்பட்டனர். இந்நஞ்சு இருதயத்தின் மின்வழியைத் தாக்கித் துடிப்பைக் குலைப்பது. தற்காலிகப் பேஸ்மேக்கர் வைக்கும் வசதியும் அதில் வல்லவரும் மாகாண ஆசுபத்திரிகளில் இல்லாமையால், துடிப்புக் குலைந்த நோயாளர் அம்புலன்சு வண்டியிலே நெடுந்தூரம் கொழும்புக்கு அனுப்பப்பட்டனர். அவருட் பெரும்பாலோர் இளவயதினர் என்பது நெஞ்சை வருத்தும் செய்தி. இந்நஞ்சுக்குரிய முறிமருந்து பயன்றருமா என்பதைக் கொழும்பிலே 66 நோயாளரிடம் ஆராய்ந்து, பயன்றரும் என்று 2000ஆம் ஆண்டில் ‘லான்செற்’ சஞ்சிகையிலே இந்நாட்டு வைத்தியரும் பிரித்தானிய வைத்தியரும் சேர்ந்து வெளியிட்டனர். ஆனால் மருந்தின் விலை மிகுதியாயிருந்தமையால் 2002இலே அதன் வரவு நின்றது. இறப்பு மீண்டும் பெருகிற்று. விலையுயர்ந்த மருந்தொன்றை மட்டும் நம்பியிருத்தல் போதாது என்பதும், மாகாண ஆசுபத்திரிகளிலேயே துடிப்பைக் கண்காணித்து ஆவன செய்யவல்லோர் இருத்தல் வேண்டும் என்பதும் இவ்வரலாறு கற்பிக்கும் பாடங்கள்.

இந்நாட்டுச் சுகாதார சேவையிலே ஈ.சி.ஜீ. பதிவாளர் என்றொரு தனிப்பதவி உண்டு. மின்வரைபைப் பிழையின்றி எடுத்தலே இவர் தொழில். இவர் எடுக்கும் வரைபு பிழைப்பின் எத்துணைப் பெரிய நிபுணரும் பிழைபடவே முடிவு செய்வர். எனினும் இத்தொழிலை விரும்பிக் கற்பவர் எத்தனை பேர்? உயர்தர வகுப்பிலே உயிரியல் கற்கும் நம் மாணவர்க்கு வைத்தியர் ஆதல் ஒன்றே இலட்சியமாகக் காட்டப்படுகின்றது. பல்கலைக்கழக அனுமதிக்குரிய வெட்டுப்புள்ளிக்குச் சிறிது குறைந்தவர் வாழ்க்கையே குன்றியதாக எண்ணி வருந்துகின்றனர். தாதியர், பதிவாளர், தொழினுட்பவியலாளர் முதலியோரும் இருதய நோயாளியின் உயிரைத் தாங்கும் தூண்களே என்பதனை ஆசிரியராகிய நாம் வகுப்பறையில் எடுத்துரைத்தல் அருமையாகும். ஐன்தோவனுடைய கருவிக்கு ஐவர் வேண்டியிருந்தமையை அம்மாணவர்க்குச் சொல்லலாம்.

முடிவுரை

மேற்கூறிய வரலாறுகளைத் தொகுத்து நோக்கின் சில உண்மைகள் பெறப்படுகின்றன. ஓரிடத்துக்கு வேண்டிய ஆட்களை அவ்விடத்துக்கு அண்மையிலே பயிற்றினால் அவர் அங்கே தங்குதல் கூடும் என்பதை மானிப்பாய் காட்டிற்று. தலைநகரிலே பயிற்றினால் அவர் தலைநகரை நோக்குவர் என்பதைக் கொழும்பு காட்டிற்று. நிபுணரின் அறிவை அருகிலிருப்போர்க்குப் பகிர்ந்தால் காலத்தை வெல்லலாம் என்பதைப் பிலடெல்பியாத் தாதியர் காட்டினர். கடல் கடந்து கற்றவர் திரும்பிவந்து பயிற்சி நிலையத்தை ஏற்படுத்தின் அதன் பயன் தலைமுறைக்கும் நிலைக்கும் என்பதைப் பத்மாவதி அம்மையார் காட்டினார்.

ஆனால் மானிப்பாயின் மற்றொரு பாடத்தையும் மறக்கலாகாது. மனிதரை ஊரிலே தங்கவைத்தற்கு அவருடைய அறிவைக் குறுக்குதல் நேர்மையான வழியன்று. உலகத்தோடு தொடர்பறுத்துத் தங்கவைக்கப்பட்டவர் ஒரு தலைமுறையிலே பின்தங்குவர். துடிப்பொழுங்கு நிபுணர் உலகமொழியிலே கற்கட்டும். உலகத்தின் சிறந்த நிலையங்களைக் காணட்டும். அவர் திரும்பி வருதற்கு வேண்டுவன வேறு: வேலை செய்யக் கருவி, உடன் உழைக்கப் பயிற்சி பெற்ற குழு, பிள்ளைகளுக்கு நல்ல பாடசாலை, ஊராரின் மதிப்பு. இவற்றுள் முதலாவதை அரசாங்கம் கொடுக்க வேண்டும். ஏனையவற்றிலே நமக்கும் பங்குண்டு.

அவரோடு உழைக்கும் தாதியரும் பதிவாளரும் நோயாளியின் மொழியிலே பேசுவோராய், இம்மாவட்டத்திலேயே பயின்றவராய் இருத்தல் வேண்டும். அவர்க்குத் துடிப்பின் இயல்பை விளக்கும் எளிய தமிழ் நூல்கள் வேண்டும். பேஸ்மேக்கர் பெற்ற மூதாட்டி எப்போது சோதனைக்கு வரவேண்டும், எந்த அறிகுறியைக் கண்டால் அஞ்ச வேண்டும் என்பதை அவருக்கு விளங்கும் சொல்லிலே கூற வேண்டும். கிராமத்து ஆசுபத்திரியிலே எடுத்த வரைபு நொடிப்பொழுதிலே தூரத்து நிபுணரைச் சென்றடைய இன்று கைத்தொலைபேசியே போதும். லெயிடனிலே கம்பி வழியாகச் சென்ற செய்தி இன்று கம்பியின்றியே செல்லும். ஆயினும் வரைபை எடுக்க ஒரு கையும், வந்த விடையைப் புரிந்து செயற்பட ஒரு கையும் கிண்ணியாவிலே இருத்தல் வேண்டும். அக்கைகள் இன்று நம் வகுப்பறைகளிலே எழுதுகோல் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றை இனங்கண்டு இத்தொழிலுக்கு ஆற்றுப்படுத்துதல் நம் கல்விக்கூடங்களின் கடனாகும்.